ஆப்பிளும் கேரமலும்: வீட்டு ஓடிஜியில் டார்ட் டாட்டான் செய்ய ஒரு வழிகாட்டி

ஆப்பிளைக் கேரமலில் (செம்பு நிறம் வரக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில்) வதக்கி, மேலே மாவை மூடி ஓடிஜியில், அதாவது மேஜைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவனில், சுட்டு, கடைசியில் பாத்திரத்தோடு தட்டில் கவிழ்த்து எடுப்பதுதான் டார்ட் டாட்டான். பிரெஞ்சு வீட்டுப் பலகாரம். முட்டை கிடையாது, ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர்கூட வேண்டாம். ஆப்பிள், சர்க்கரை, வெண்ணெய், மைதா, ஒரு எலுமிச்சம்பழம், இவ்வளவுதான். அப்படியிருந்தும் முதல் தடவை செய்கிறவர்கள் பலருக்குத் தட்டில் வந்து விழுவது வெளிறிய ஆப்பிள் கூழும் ஈரத்தில் ஊறிய மாவும்தான்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்ச் சமையலறைக்கும் பெரிய ஓவனுக்கும் எழுதியவை. நம் ஊரில் மே மாதம் மாவில் கை வைத்தவுடனே வெண்ணெய் உருக ஆரம்பித்துவிடும். சின்ன ஓடிஜியில் போதிய சூடு ஏறாது, ஆப்பிள் விடும் தண்ணீரும் உள்ளேயே தங்கும். இதெல்லாம் எங்கும் எழுதியிருக்காததால் எனக்கு இது சரிவர அமைய ரொம்ப நாள் பிடித்தது. கீழே உள்ள அளவுகள் 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குலப் பாத்திரத்துக்கு. ஆறு பேர் சாப்பிடலாம்.

1. முதலில் செலவுக் கணக்கு

ஆப்பிள் 1 கிலோ, வெண்ணெய் 140 கிராம் (கேரமலுக்கு 60, மாவுக்கு 80), சர்க்கரை 120 கிராம், மாவில் சேர்க்க இன்னும் 2 டீஸ்பூன், மைதா 150 கிராம், எலுமிச்சம்பழம் ஒன்று.

கடை வெண்ணெய் 100 கிராம் ஏறக்குறைய 60 ரூபாய். ஆக வெண்ணெய்க்கு 85 ரூபாய்க்குள் முடியும். சர்க்கரை, மைதா, எலுமிச்சை எல்லாம் சேர்த்து 25 ரூபாய்க்கு மேல் போகாது. கரண்டுக்கு ஒன்று, ஒன்றரை யூனிட். பாக்கி முழுக்க ஆப்பிள் செலவு. அது சீசனையும் ரகத்தையும் பொறுத்து 150 ரூபாயும் ஆகலாம், 350 ரூபாயும் ஆகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: சமையலறைத் தராசு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கப் அளவில் செய்தால் மாவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். இன்னொன்று, ஓடிஜிக்குள் வைக்கும் தெர்மாமீட்டர். இதுவும் சில நூறு ரூபாய்தான். ஓடிஜியின் திருகு 200 என்று காட்டும்போது உள்ளே 170 இருப்பதும் 225 இருப்பதும் சர்வசாதாரணம்.

ஓடிஜியே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 28 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். 1500 வாட் ஓடிஜி கிட்டத்தட்ட ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதனால் மிக்ஸி போடும் சின்ன பிளக்கில் செருகக் கூடாது. கீசருக்கு இருப்பது போன்ற 16 ஆம்பியர் பிளக் வேண்டும். சமையலறையில் அது இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவுக் கண்ணாடிக்கு வாரண்டி உண்டா என்று கடையிலேயே அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, பில்லை அதோடு சேர்த்து வையுங்கள்.

2. ஆப்பிள் வாங்குவது

பாதி வெற்றி பழக்கடையிலேயே முடிவாகிவிடும்.

கருஞ்சிவப்பாக, அடிப்பக்கம் ஐந்து முண்டு தெரிய, நீளவாக்கில் பளபளவென்று இருக்கும் ஆப்பிள் இருக்கிறதே, ரெட் டெலிஷியஸ், அதை எடுக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிட நன்றாக இருக்கும். அடுப்பில் ஏறினால் பத்தே நிமிஷத்தில் மசிந்துவிடும். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

பச்சை ஆப்பிள், கிரானி ஸ்மித், நல்ல தேர்வு. புளிப்பு இருப்பதால் கேரமலின் இனிப்பு திகட்டாது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை கொஞ்சம் கூடுதல். என் தேர்வு கோல்டன் டெலிஷியஸ், நம் கடைகளில் வெறும் ‘கோல்டன்’. மஞ்சளும் பச்சையுமாக, தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளோடு இருக்கும். பிரான்சிலும் இதை இந்தப் பலகாரத்துக்கு நிறையப் பயன்படுத்துகிறார்கள். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் விளைகிறது. பார்வைக்குச் சுமார் என்பதால் பல சமயம் சிவப்பு ஆப்பிளைவிட மலிவாகவே கிடைக்கும். வெந்தாலும் உருக்குலையாது. இரண்டும் கிடைக்காவிட்டால் ராயல் காலா வாங்குங்கள், எலுமிச்சைச் சாறை மட்டும் ஒரு மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஃபூஜியும் உடையாது, ஆனால் தண்ணீர் நிறைய விடும்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை புதுக் காய் வரும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் கிடைக்கும் உள்நாட்டு ஆப்பிள் பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்தது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே மாவாக இருக்கலாம். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், துளிகூட அமுங்கக் கூடாது. முடிந்தால் ஒன்றை மட்டும் வாங்கி அங்கேயே கடித்துப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். ‘நறுக்’கென்று உடைய வேண்டும்.

எல்லாம் ஒரே அளவாக, நடுத்தரமாக இருக்கட்டும். கிலோவுக்கு ஆறு நிற்பது சரியான அளவு.

3. பாத்திரம்

அடுப்பிலும் வைக்க வேண்டும், ஓடிஜிக்குள்ளும் போக வேண்டும். கனமான வார்ப்பிரும்பு வாணலியைவிட இதற்குத் தோதானது இல்லை. அடி தட்டையாக, 5 சென்டிமீட்டராவது ஆழமாக இருக்க வேண்டும். தோசை சுட்டுப் பழகிய பாத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது, ஒட்டாது. மீன் வறுத்த வாணலியை மட்டும் விட்டுவிடுங்கள். எத்தனை தேய்த்தாலும் வெண்ணெய்க்கு அந்த வாசனை ஏறிவிடும்.

கடைக்குப் போகுமுன் ஓடிஜியின் உள் அளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நீளக் கைப்பிடி உள்ள வாணலியில் வாய் 20 சென்டிமீட்டர் என்றாலும் கைப்பிடியோடு 35 தொடும், கதவு சாத்தாது. இரண்டு பக்கமும் காது வைத்ததுதான் சௌகரியம்.

பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட நான்ஸ்டிக் ஓடிஜிக்குள் போகக் கூடாது. பொருத்தமான பாத்திரம் எதுவுமே இல்லையென்றால் எவர்சில்வர் வாணலியில் கேரமலும் ஆப்பிளும் செய்து, அப்படியே அலுமினிய கேக் டின்னுக்கு மாற்றிக்கொள்ளலாம். அடி கழன்று வரும் வகை டின் கூடாது. பாகு முழுக்க ஒழுகிப் போய்விடும்.

4. முந்தின நாள் ராத்திரி வேலை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மறுநாள் வேலை சுலபமாவது இதனால்தான்.

ஆப்பிளைத் தோல் சீவி, நான்காக வெட்டி, விதைப் பகுதியை நீக்கி, ஒரு தட்டில் பரப்பி மூடாமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கறுக்குமே என்று கவலை வேண்டாம், கேரமலில் எல்லாம் மறைந்துவிடும். உப்புத் தண்ணீரிலோ எலுமிச்சைத் தண்ணீரிலோ போடவே போடாதீர்கள். ஆப்பிளில் 85 சதவீதம் தண்ணீர்தான், அதைக் குறைப்பதுதான் நம் வேலை. ஒரு ராத்திரி குளிர்ப்பெட்டிக் காற்றில் கிடந்தால் மேல்பரப்பு உலர்ந்து லேசாகத் தோல் கட்டியது போல ஆகும். அந்தத் துண்டு வெந்த பிறகும் நிமிர்ந்து நிற்கும்.

அடுத்து மாவு. மைதாவைப் பாத்திரத்தோடு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெண்ணெயைச் சுண்டுவிரல் நுனி அளவு துண்டுகளாக வெட்டி அதையும் குளிர வையுங்கள். உப்பு போட்ட வெண்ணெயே போதும், தனியாக உப்பு வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெய் இதற்குச் சரிவராது. அதில் மோர் நிறைய தங்கியிருக்கும், மாவு பிசுபிசுக்கும், கேரமலில் போட்டாலும் தெறிக்கும்.

மைதாவும் 2 டீஸ்பூன் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து விரல் நுனியால் மட்டும் உதிர்த்துவிடுங்கள். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூடு ஜாஸ்தி. ரவை மாதிரி ஆகி, நடுவில் பட்டாணி அளவுக்கு வெண்ணெய்க் கட்டிகள் தெரியும்போது நிறுத்த வேண்டும். ஐஸ் தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன் தெளித்து, உருண்டை சேருகிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் இன்னும் அரை ஸ்பூன். சப்பாத்தி மாவு பிசைந்த கை இங்கே சும்மா இருக்காது, அழுத்திப் பிசையத் தூண்டும். பிசையாதீர்கள். பிசையப் பிசைய மாவு இழுவையாகி, சுட்டதும் சுருங்கி, கடிக்கத் தோல் மாதிரி ஆகிவிடும். வெடிப்பு விட்டு, அரைகுறையாகச் சேர்ந்ததுபோல் தெரிந்தாலே போதும். தட்டையாகத் தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

பஃப்ஸ் செய்யும் பேஸ்ட்ரி ஷீட் பெரிய கடைகளின் ஃப்ரீசரில் கிடைக்கிறது. அதிலும் செய்யலாம். பின்பக்கம் படித்துப் பார்த்து, வெண்ணெய் போட்டதா, மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும் எண்ணெய்க் கொழுப்பு) போட்டதா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். மார்கரின் போட்டது ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். வாங்கி வரும் வழியில் உருகிப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. கேரமல்

ராத்திரி எட்டு மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால் ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவையுங்கள். கேரமலுக்கு 10 நிமிஷம், ஆப்பிளுக்கு 25, ஓடிஜியில் 35 முதல் 40, ஆற 15. மீதி நேரம் கை தடுமாற்றத்துக்கு.

சின்னப் பிள்ளைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். கேரமல் 170 டிகிரி சூட்டில் இருக்கும். கொதிநீர் பட்டால் வழிந்து போகும், இது தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து சுடும். கேரமல் கரண்டியை நக்கிப் பார்க்கும் பழக்கமும் கூடாது. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, தோசை மாவு, மை எதுவும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சர்க்கரை 120 கிராம், தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். வெள்ளைச் சர்க்கரைதான் வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் முதலிலேயே பழுப்பாக இருப்பதால் கேரமல் ஆனதா, தீய்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. அதோடு அவை சீக்கிரம் கருகும்.

சர்க்கரை கரையும் வரை கலக்கலாம். கொதி வந்த பிறகு கரண்டியே போடக் கூடாது. கலக்கினால், அல்லது ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை உள்ளே விழுந்தால், பாகு முழுக்கப் பூத்துப்போய் மறுபடி வெள்ளைச் சர்க்கரை ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு அதைக் கொஞ்சம் தடுக்கும். ஓரத்தில் ஒட்டியதை ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். பூத்தே போய்விட்டால் கொட்ட வேண்டாம், கால் டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி கரைத்துத் தொடங்கலாம்.

அதிரசத்துக்கும் உருண்டைக்கும் பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் வந்ததும் கை தானாக அடுப்பை அணைக்கப் போகும். இங்கே அதையெல்லாம் தாண்டிப் போக வேண்டும். உருட்டுப் பதம் 120 டிகிரிக்குப் பக்கத்தில் வரும், கேரமலுக்கு இன்னும் 50 டிகிரி பாக்கி.

குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கும். பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் முதலில் வெளிர் மஞ்சள் கோடு ஒன்று தெரியும். கரண்டி போடாமல் பாத்திரத்தைக் கையில் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டால் நிறம் பரவும். மஞ்சள் பொன்னிறமாகும், பொன்னிறம் தேன் நிறமாகும். அநேகமாக எல்லாரும் இங்கே பயந்து அணைத்துவிடுவார்கள். அணைக்காதீர்கள், தீயைச் சிம்மில் வைத்துக்கொண்டு செம்பு நிறம் வரும் வரை நில்லுங்கள். ஆப்பிள் விடும் சாறு இதை வெளிறச் செய்யும் என்பதால் இப்போதே கொஞ்சம் கருமை வேண்டும். வாசனை இனிப்பிலிருந்து லேசான கசப்புக்குத் திரும்பும், முதல் புகை கோடாக எழும். அந்த நொடியில் அணைத்துவிட்டு 60 கிராம் வெண்ணெயைப் போடுங்கள். புசுபுசுவென்று பொங்கும், ஒரு எட்டு தள்ளி நில்லுங்கள். கறுத்துப் புகை கிளம்பிவிட்டால் அது காப்பாற்ற முடியாத கேஸ். சர்க்கரை ஆறு ரூபாய்தான், கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். அந்தக் கசப்பு ஆப்பிளிலும் இறங்கிவிடும்.

வார்ப்பிரும்பு கறுப்பாக இருப்பதால் நிறம் தெரியாது. வெள்ளைத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பூன் நுனியால் ஒரு சொட்டு எடுத்து அதில் விட்டுப் பாருங்கள்.

6. ஆப்பிளை அடுக்கி வற்றவிடுவது

இந்தப் படியைத்தான் நிறையக் குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிப்போகின்றன. சின்ன ஓடிஜிக்காரர்களுக்கு இதுதான் முக்கியம்.

துண்டுகளைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, வட்டமாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அடுக்குங்கள். தீபாவளி கூட்ட பஸ்ஸில் ஆட்கள் நிற்கிற மாதிரி நெருக்கம் வேண்டும். வெந்ததும் எல்லாம் சுருங்கி இடைவெளி விடும். அதற்கென்று இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு, பிறகு இடைவெளியில் செருகலாம். மேலே பாதி எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள்.

மூடி போடாமல் மிதமான தீயில் 20 முதல் 25 நிமிஷம். முதல் பத்து நிமிஷத்தில் சாறு பொங்கி, கேரமல் தண்ணியாகிப் போனது போலத் தெரியும். பரவாயில்லை. மெல்ல மெல்ல அது மறுபடி கெட்டியாகும். பாதியில் ஒவ்வொரு துண்டையும் ஃபோர்க்கால் மறுபக்கம் திருப்பிவிடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்தால் பாகு தண்ணீர் போல ஓடாமல் தேன் போல நகர வேண்டும். அதுவரை ஓடிஜிக்குள் போகக் கூடாது. உள்ளே போனால் வற்றும் என்று நம்பி வைத்தால் வற்றாது, நீராவி முழுக்க மாவில்தான் ஏறும்.

ஆப்பிள் அடுப்பில் இருக்கும்போதே ஓடிஜியை 200 டிகிரியில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 15 நிமிஷம் சூடேற்றிவிடுங்கள். ஆப்பிள் வற்றியதும் இறக்கி ஐந்து நிமிஷம் ஆறவிட வேண்டும். கொதிக்கிற பாகின் மேல் மாவைப் போட்டால் வெண்ணெய் அப்போதே உருகிவிடும்.

7. மாவை மூடிச் சுடுவது

மாவைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் கழித்து, இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். பூரிக்கட்டையே போதும். 3, 4 மில்லிமீட்டர் கனம், பாத்திரத்தின் வாயைவிட 2 சென்டிமீட்டர் பெரிய வட்டம். நடுவில் இளகினால் தாளோடு பத்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். வெயில் காலத்தில் இதை இரண்டு தடவைகூடச் செய்ய வேண்டிவரும்.

ஆப்பிள் மேல் மூடி, ஓரத்தை ஸ்பூன் காம்பால் உள்பக்கம் செருகிவிடுங்கள். நாலைந்து இடத்தில் கத்தி நுனியால் கீறிவிட்டால் நீராவி வெளியேறும். அடியில் ஒரு தட்டு அவசியம். கேரமல் பொங்கிக் கீழ்க் கம்பியில் சொட்டினால் வீடு முழுக்கப் புகைதான். அலுமினியத் தாளைக் கம்பியின் மேல் விரிப்பது ஆபத்து, அப்படிச் செய்யாதீர்கள்.

35 முதல் 40 நிமிஷம். மேலே வெளிர் நிறமாக இருக்கும்போதே எடுத்தால் உள்பக்கம் பச்சை மாவாகத்தான் இருக்கும். நல்ல பழுப்பாகட்டும். அதற்கு முன்னே மேல்பக்கம் கருகப் பார்த்தால் ஒரு அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்திவிடுங்கள்.

மைக்ரோவேவ் மட்டும் வைத்திருப்பவர்கள் கன்வெக்‌ஷன் வசதி (சூடான காற்றைச் சுழலவிட்டுச் சுடுவது) இருந்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். கன்வெக்‌ஷன் முறையிலேயே வையுங்கள், வேறு முறையில் உலோகப் பாத்திரம் கூடவே கூடாது.

8. கவிழ்ப்பது

எடுத்தவுடன் கவிழ்த்தால் பாகு ஓடி மணிக்கட்டில் விழும். முழுக்க ஆறினால் கேரமல் இறுகி ஆப்பிள் பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 15 நிமிஷம் பொறுங்கள். பிறகு ஓரமாகக் கத்தியை ஒரு சுற்று விட்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே மொத்தமும் ஒன்றாக நகர்ந்தால் தயார். நகராவிட்டால் சிம்மில் ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள்.

பாத்திரத்தைவிடப் பெரிய, கொஞ்சம் குழிந்த தட்டு. முழங்கை வரை மூடும் கையுறை, இல்லாவிட்டால் கனமான துண்டு. தட்டை மேலே கவிழ்த்து, இரண்டையும் சேர்த்து இறுகப் பிடித்து, சிங்க்குக்கு மேலே நின்று, ஒரே வீச்சில் திருப்புங்கள். பாதியில் தயங்கினால்தான் பாகு சிந்தும். ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். பத்து விநாடி அப்படியே வைத்திருந்து பாத்திரத்தை மெதுவாகத் தூக்குங்கள். ஒன்றிரண்டு துண்டு அடியிலேயே தங்கியிருந்தால் எடுத்து அதன் இடத்தில் பதித்து, ஸ்பூனால் கேரமலைத் தடவிவிட்டால் யாருக்கும் தெரியாது.

9. பரிமாறுவதும் மிச்சமும்

சூடு ஆறாமல், ஆனால் வாய் சுடாமல் இருக்கும்போது சாப்பிட வேண்டும். பிரான்சில் லேசாகப் புளித்த கெட்டிக் கிரீம் வைத்துச் சாப்பிடுவார்கள். நமக்குத் துணியில் கட்டித் தொங்கவிட்ட புளிக்காத தயிரைச் சர்க்கரை சேர்க்காமல் வைத்தால் கிட்டத்தட்ட அதே பொருத்தம். வெனிலா ஐஸ்கிரீமும் வைக்கலாம், பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். எனக்கென்னவோ இனிப்பின் மேல் இனிப்பாகத் தோன்றும்.

வாணலியை உடனே காலி செய்யுங்கள். ஆப்பிளின் புளிப்பு ராத்திரி முழுக்கக் கிடந்தால் வார்ப்பிரும்பில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் பூச்சைத் தின்றுவிடும். ஒட்டிய கேரமலைச் சுரண்ட வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் தானே கரையும். துடைத்து, அடுப்பில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

மிச்சம் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் இருக்கும். சூடு பண்ண ஓடிஜியில் 160 டிகிரியில் பத்து நிமிஷம் போதும். மைக்ரோவேவில் வைத்தால் ஆப்பிள் கொதிக்கும், மாவு சவசவவென்று ஆகிவிடும்.